பெரிய வெள்ளி மெட்டு யாருடையது

9 பெப்ரவரி 1987, ஹம்
அகதிக்கு வேலை அனுமதி இல்லையென்று மறுபடியும் கடிதம். மாலையில் தேவாலயத்துப் பாண்ட் ஒத்திகைக்குப் போனேன். புரட்டஸ்தாந்துக் கோயில்தான், நான் கத்தோலிக்கன், இருந்தாலென்ன. இடைவேளையில் ஐயாவின் பெரிய வெள்ளி மெட்டைக் கோர்னெட் என்ற சிறு எக்காளத்தில் மெல்ல ஊதினேன். பாண்ட் தலைவர் பிரிங்க்மன், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர், "எழுதித் தா, பெரிய வெள்ளிக்கு வாசிப்போம்" என்றார்.

11 பெப்ரவரி
ஐயா, என் தகப்பன் யோசேப்பு, வெள்ளைக்காரன் காலத்தில் கரையூர்ப் பாண்ட் மாஸ்டர். விடிய வலை, பின்னேரம் கோர்னெட். சிலுவை ஊர்வலத்துக்கென்று 1934இல் கட்டிய மெட்டு. இசைத் தாள்கள் யுத்தத்தில் ஊரோடு போயின. முதலும் கடைசியும் எழுதிவிட்டேன். நடுப்பகுதி நினைவில் அரைகுறை.

26 பெப்ரவரி
நிகழ்ச்சித் தாளின் மாதிரியில் "இலங்கை மீனவர் பாடல்" என்று போட்டிருக்கிறார்கள். பெயர் இல்லை.
"என் தகப்பன் செய்தது" என்றேன்.
"அச்சிட்ட தாள் ஏதும் உண்டா?" என்றார் பிரிங்க்மன்.
"இல்லை. பெயர் இல்லையென்றால் மெட்டும் இல்லை."
என் தாள்களை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்கடை ஆக்களெண்டால் பெயரில்லாமல் விடுவியளோ? கடற்கரை மண்ணிலை தானா முளைச்சதோ?

27 பெப்ரவரி
விடமாட்டேன்.

5 மார்ச்
பிரிங்க்மன் அகதி முகாமுக்கே வந்து நிகழ்ச்சித் தாளையும் பேனாவையும் நீட்டினார். ஐயாவின் பெயரை எழுதினேன்.

14 மார்ச்
நடுப்பகுதி கேட்டு ஸ்டுட்கார்ட்டுக்கு, இமெல்டா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நேரில் போக ஏலாது. மாவட்டம் தாண்ட எங்களுக்கு அனுமதியில்லை. அக்கா பாடினா, நான் எழுதினேன். முடிவில் சொன்னா:
"இந்தத் துண்டு ஐயா செய்ததில்லையடா. கிளாரினெட் முருகேசண்ணை செய்தது."
"ஐயா ஒருநாளும் சொல்லேல்லையே!"
"சைவக்காரன்ரை மெட்டெண்டால் எங்கடை கோயில் பங்குச் சுவாமி விடமாட்டார். அதாலை ஐயா தன்ரை பெயரைப் போட்டவர். அந்தச் சுவாமி செத்தாப் பிறகும் மாத்தேல்லை."
கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

16 மார்ச்
அக்கா ஏன் பொய் சொல்லப் போறா? கோர்னெட்டில் ஊதிப் பார்த்தேன். விரலுக்கு இடறுகிறது. இது கிளாரினெட்டுக்கென்றே கட்டியது. ஐயா... நீங்களுமோ?

18 மார்ச்
அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டேன். பிறகு பிரிங்க்மனிடம் போய் ஐயாவின் பெயருக்குக் கீழே இரண்டாவது பெயரை எழுதினேன்.
"ஒரு பெயருக்கே அவ்வளவு சண்டை பிடித்தாயே" என்றார்.
"அதனால்தான்."

17 ஏப்ரல், பெரிய வெள்ளி
வாசித்தோம். நடுப்பகுதிக்குப் பிரிங்க்மனின் மகள் கிளாரினெட். தொடங்குமுன் பாதிரியார் ஆக்கியவர்களின் பெயர்களை வாசித்தார். யோசேப்பு சுலபமாக வந்தது. முருகேசு என்பதற்கு நாக்குப் புரளவில்லை. நிறுத்தி, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக மறுபடி வாசித்தார்.
கோயிலுக்குள் அந்தப் பெயர் இரண்டு தரம் கேட்டது.