எடை அறையில் தண்ணீர் ஊற்றச் சொன்னவன் நான்

அனுப்புநர்
கோ. செங்கல்வராயன் (வயது 53),
மூலப்பொருள் கிடங்குப் பொறுப்பாளர்,
திருமுல்லைவாயில், சென்னை.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம்,
அம்பத்தூர்.

பொருள்: ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி திருமதி சரசா 12.08.2025 அன்று வீட்டில் விழுந்ததாகப் பதிவானது பொய் – வேலையிடத்து விபத்தாகத் திருத்தக் கோருதல் – பொய்ச் சாட்சிக் கையெழுத்திட்ட என் மீதே புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் பழியில் பாதியை வேறு யார் தலையிலாவது கட்டப் பார்த்தேன். இது ஐந்தாவது.

1. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாத்திரை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அங்கே ஹைப்ரோமெல்லோஸ் என்றொரு வெள்ளைத் தூள் புழங்குகிறது. அது மருந்தல்ல, மாத்திரையில் மருந்தோடு சேர்க்கும் துணைப்பொருள். மணமில்லை, ருசியில்லை, விஷமுமில்லை. ஈரம் பட்டால் கூழாகும். வயிற்றுக்குள் அப்படிக் கூழாகி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் சர்க்கரை நோயாளிகள் பலர் ஒரே மாத்திரையில் ஒரு நாளை ஓட்டுகிறார்கள். அதே குணத்தால், தரையில் சிந்தினால் தண்ணீர் படவே கூடாது. காய்ந்தபடியே, தூசி கிளம்பாமல் அள்ளி, மிச்சத்தை உறிஞ்சும் இயந்திரத்தால் எடுக்க வேண்டும். தூசி காற்றில் அடர்ந்தால் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் நெருப்பும் ஆகாது.

2. இதையெல்லாம் வகுப்பெடுத்துச் சொல்பவனே நான்தான். அதுவும் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு மட்டும். பெருக்குகிறவர்களுக்கு எதற்கு என்று சரசாவை ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை.

3. அன்று காலை பத்து மணிக்குத் தணிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. ஒன்பதேகாலுக்கு எடை அறையில் மூட்டை கிழிந்து நாலைந்து கிலோ கொட்டிவிட்டது. உறிஞ்சும் இயந்திரம் மாடியில் இருந்தது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் வாசலிலிருந்து கழுவிவிடுகிற புத்திதானே நமக்கு! சரசாவைக் கூப்பிட்டு பக்கெட் தண்ணீர் ஊற்றித் தள்ளச் சொன்னேன். அவர், "இன்னா சார் இது, கஞ்சி கொட்னா மாரி வழுக்குது" என்று தயங்கினார். "பேசிக்கினு நிக்காத, தள்ளு" என்றேன். அடுத்த நிமிடம் விழுந்தார். இடது இடுப்பெலும்பு முறிந்தது.

4. தணிக்கை நேரத்தில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கக் கூடாது என்றார் மேலாளர். சொன்னது அவர், செய்தது நான். பின்வாசல் வழியாகச் சரசாவை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் அவர் வலியில் துடிக்க, வேலையில் விழுந்ததாகச் சொன்னால் போலீஸ் கேஸாகும், கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள், அதனால் வீட்டுக் குளியலறையில் விழுந்ததாகச் சொல் என்று நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிக்கொடுத்தேன். பாவம், மருத்துவரிடம் அப்படியே சொன்னார். காலையிலேயே நொண்டிக்கொண்டுதான் வந்தார் என்று நானும் எழுதிக் கையெழுத்திட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், ஐயா.

5. அந்தப் பதிவை வைத்தே அவருக்கு ஊன உதவித்தொகை இல்லை என்றாகிவிட்டது. கணவர் இல்லாதவர். கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். துடைப்பம் பிடிக்கும் வேலைக்கு இனி வர முடியாது.

6. போன ஞாயிறு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு திருநின்றவூரில் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கட்டிலைவிட்டு எழப் பார்த்தார். "ஆபீசருங்க வர்ற அன்னிக்கா பாத்து வுய்ந்துட்டேன், உனுக்குக் கெட்ட பேராப் பூட்ச்சே சார், மன்னிச்சுக்கோ" என்றார். நான் "பரவாயில்லை" என்றேன். ஐயா, பரவாயில்லை என்றேன்! கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன். சீ, நானும் ஒரு மனிதனா!

எனது சாட்சி வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன். அவர் சொன்ன பொய் என்னுடையது. அதற்காக அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். இது வேலையிடத்து விபத்து என்று திருத்தி அவருக்கு உரியதை வழங்க வேண்டுகிறேன். என் வேலை போகும் என்று தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். விசாரணைக்கு அவரை அழைக்கும் அன்றே என்னையும் அழைத்து, அவர் எதிரில் என் வாயாலேயே இதைச் சொல்ல வையுங்கள். தனியாகப் போனால் மறுபடியும் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

தலைகுனிந்து,
(ஒப்பம்) கோ. செங்கல்வராயன்

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 17.11.2025

இணைப்பு: நான் கையெழுத்திட்ட பொய் வாக்குமூலத்தின் நகல்.