பெயருக்கு முன்னால் ஒரு சொல்

அச்சகத்தில் மை காயாத போஸ்டர் ஒன்றை என் முன்னால் விரித்தார்கள். உன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. படத்துக்குக் கீழே, உன் பெயருக்கு முன்னால், சிவப்பில் ‘ஆடிட்டர்’ என்று இருந்தது.

“இத எடுத்துருங்க” என்றேன்.

“ஊரே அப்படித்தானே கூப்பிட்டாக?” என்றார் அச்சகக்காரர்.

கூப்பிட்டார்கள்தான். சிவகாசியில் வரிக்கணக்குப் பார்க்கிற எவனும் ஆடிட்டர். நீ மட்டும் ஒவ்வொரு முறையும் மறுத்தாய். டீக்கடை அண்ணாச்சியிடம் எத்தனை தரம் விளக்கியிருப்பாய்.

“ஆடிட்டர்னா சி.ஏ. முடிச்சவரு அண்ணாச்சி. கம்பெனிக் கணக்கத் தணிக்கை பண்ணிக் கையெழுத்துப் போட அவராலதான் முடியும். நான் பி.காம். அரசாங்கப் பயிற்சி எடுத்து, வருமான வரிப் படிவம் நிரப்பிக் குடுக்கேன். அம்புட்டுதான்.”

“எதுத்த மாடிக்காரன் விற்பனை வரி மட்டுந்தான் பாக்கான். அவனே போர்டுல ஆடிட்டர்னு போட்டிருக்கான். ஒனக்கென்னலே?”

“அப்ப ஊசி போடுற கம்பவுண்டரும் டாக்டரா?”

அந்தச் சொல் உனக்கு வேண்டியிருந்தது. படித்து வாங்க நினைத்தாய். சி.ஏ.வின் முன் தேர்வுகளைத் தாண்டிவிட்டாய். ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடம் பயிற்சி முடித்தால்தான் கடைசித் தேர்வு எழுத முடியும். அந்த இடம்தான் உனக்குக் கிடைக்கவில்லை.

ஓர் அலுவலகத்துக்கு நானும் கூட வந்தேன். அந்த ஆடிட்டர் உன் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. “அப்பாவுக்கு என்ன கம்பெனி?” என்றார்.

“பட்டாசுக் கம்பெனியில மருந்து அடைக்காரு சார்.”

“சொல்லி அனுப்புறோம்.”

எவரும் சொல்லி அனுப்பவில்லை. முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வெளியே வந்து நீ சிரித்தாய். “சொந்தக் கம்பெனியக் கேட்டிருக்காருலே. நான் அப்பா வேல பாக்குற கம்பெனியச் சொல்லிட்டேன்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

கடைசியில் மதுரையில் ஒருவர் வந்து சேரச் சொன்னார். புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாய். அது தைத்து வருவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அச்சகத்துக்கு உன் அம்மாவும் வந்திருந்தார். “எடுத்துட்டு அங்கன என்னய்யா போடுவ?” என்று கேட்டார்.

“பி.காம்., வரிப் படிவம் தயாரிப்பவர்.”

உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அச்சகக்காரரிடம் சொன்னார்: “பி.காம். அவன் படிச்சு வாங்குனது. அதையே போடுங்க.”

உன்னோடு அந்த அரசாங்கப் பயிற்சி எடுத்த நான்தான் இப்போது உன் மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறேன். இன்று காலை டீக்கடை அண்ணாச்சி கேட்டார். “ஆடிட்டரு, டீயா?”

“நான் ஆடிட்டர் இல்ல அண்ணாச்சி.”

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

“அந்தப் பயலும் இதத்தாம்லே சொல்லிக்கிட்டிருந்தான்.”