எல்லோருக்கும் ஒரே தாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாலு குளிர் அறைகளில் முதல் அறை வேலை செய்கிறது. போன வியாழக்கிழமை முந்நூறு பெட்டி வாழைக்காய் ஏற்றினோம். இன்றோடு ஏழு நாள், ஒரு சீப்பு கூடக் கறுக்கவில்லை. அளவுமானி பதின்மூன்று டிகிரியில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. நான் அடிக்கடி உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று குளிர்மெஷின்காரர் சண்டை பிடிக்கிறார். கதவைத் திறந்து திறந்து நீங்களே சூடேத்துறீங்க முதலாளி, வெளிய நில்லுங்க என்கிறார். முப்பத்தைந்து வருட வியாபாரத்தில் என் குடோனிலிருந்து என்னையே விரட்டிய முதல் ஆள் அவர்தான்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் தினமும் கடை மாடி ஏறி நீ சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு வருகிறாள். யார் என்ன செய்யவில்லை என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறது.

போனில் நன்றி சொல்ல ஆரம்பித்தால் விடுங்கப்பா என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ வருவதற்கு முன்னால் இங்கே என்ன நிலைமை என்று நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நாலு அடி அகலக் கதவு வந்து இறங்கியிருந்தது. பெட்டி அடுக்கும் பலகைத் தட்டோ நாலடி இரண்டு அங்குலம். தண்ணீர் வடியும் குழாய் பின்சுவரில் இருந்தது, மேஸ்திரியோ தரையை வாசலைப் பார்த்துச் சரித்து வைத்திருந்தார். மெஷினைப் போட்டுப் பார்த்த அன்று எங்கள் தெருவில் ஒன்பது கடைக்கு மின்சாரம் போயிற்று. தையல் கடைக்காரர் பாதி தைத்த சட்டையோடு வந்து வாசலில் நின்றார். அம்மா உனக்குப் போன் செய்தது அன்று மாலைதான். எனக்குத் தெரியாமல் செய்தாள். தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன்.

நாலு ஆட்களும் வேலை தெரிந்தவர்கள். கோளாறு என்னிடம். சந்தையில் நான் கற்ற முதல் பாடம், ஒருவனிடம் பேசிய விலை இன்னொருவன் காதுக்குப் போகக் கூடாது என்பது. அப்படித்தான் ஒரு தள்ளுவண்டியிலிருந்து இந்தக் கடை வரைக்கும் வந்தேன். அதே பழக்கத்தில் கதவுக்காரரைத் தனியாக வரவழைத்தேன், மேஸ்திரியைத் தனியாக, மின்வேலைக்காரரைத் தனியாக, குளிர்மெஷின்காரரைத் தனியாக. பலகைத் தட்டின் அகலத்தைச் சொன்னால் பெரிய கதவு என்று விலையை ஏற்றிவிடுவார் என்று கதவுக்காரரிடம் அதை மறைத்தேன். மெஷின் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்தால் தடித்த கம்பி கேட்பார் என்று மின்வேலைக்காரரிடம் பாதிதான் சொன்னேன். நாலு பேரையும் நன்றாகப் பேசி மடக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்த மறுநாளே நாலு பேரையும் ஒன்றாக மாடிக்கு வரச்சொன்னாய். விலையெல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். பயந்தபடியேதான் ஆயிற்று. உட்கார்ந்த கால் மணி நேரத்தில் அவரவர் விலையை ஒப்பிட்டுக்கொண்டார்கள். உனக்கு மட்டும்தான் இந்த ரேட்டுன்னு என்கிட்டயும்தான் சொன்னாரு என்று கதவுக்காரர் சொல்ல, எனக்கும், எனக்கும் என்று மற்றவர்கள் சொல்ல, நான் டீ வாங்கிவரும் சாக்கில் கீழே இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது நாலு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார்கள். பழப்பெட்டிக்கு விரிக்கும் பழுப்புத் தாளை நீ நீளமாக ஒட்டி, கட்டம் போட்டு, மேலே ஒரு வரிசையும் ஓரத்தில் ஒரு வரிசையுமாக, நீ, நான், அண்ணன் உட்பட எல்லோருடைய பெயரையும் எழுதியிருந்தாய். இவரிடமிருந்து அவருக்கு என்ன போக வேண்டும், அவரிடமிருந்து இவருக்கு என்ன வர வேண்டும், எந்தத் தேதிக்குள். இரண்டு பேர் சந்திக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம். காலியா இருக்கிற கட்டத்துலதான்பா ஒழுகும் என்றாய்.

மேஸ்திரி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு இத்தனை நாளா யாருமே எனக்குச் சொல்லலையே முதலாளி என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார்.

அம்மா அன்றைக்கே வந்து, பதினோரு மணிக்கு எத்தனை பேருக்கு டீ என்று எனக்கு யாரும் சொல்வதில்லை, அதற்கும் ஒரு கட்டம் போடு என்றாள். நீயும் சிரிக்காமல் போட்டாய். இன்றுவரை தவறாமல் நிரம்புகிற கட்டம் அது ஒன்றுதான்.

அடுத்து நீ ஒட்டிய 'தெரியாதவை' தாள். எது தெரியாது, அதைக் குறைந்த செலவில் எப்படித் தெரிந்துகொள்வது, எந்தத் தேதிக்குமேல் தெரியாமல் இருக்க முடியாது என்று மூன்று பத்தி. முதல் வரியில் பின்புற மண் என்று எழுதினாய். நான் வாங்கிய இடம், எனக்குத் தெரியாதா என்று குதித்தேன். உங்களுக்குத் தெரியும்பா, மண்ணுக்குத் தெரியணுமே என்றாய். இரண்டு ஆள், ஒரு நாள் கூலி, மூன்று குழி. மூன்றாவது குழியில் ஐந்தடிக்குக் கீழே உடைந்த செங்கலும் கந்தலும் கறுப்புத் தண்ணீரும் வந்தன. எந்தக் காலத்திலோ தூர்த்த குளம். கனமான மெஷின்களை அதன் மேல்தான் நிறுத்துவதாக இருந்தேன். இப்போது அவை முன்பக்கம் நிற்கின்றன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

நாலாவது அறையை மருந்துக் கம்பெனி எடுக்குமா, நாமே பழத்துக்கு வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் தவித்தபோது, இப்போ முடிவு பண்ணாதீங்க, சுவரும் கம்பியும் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி வையுங்க, மெஷின் மட்டும் வாங்காதீங்க, கடைசித் தேதியைக் குறிச்சிடுங்க என்றாய். இதற்கு எங்கள் தொழிலில் அச்சாரம் என்று பெயர், கொஞ்சம் கொடுத்துவிட்டு முடிவைக் கையில் வைத்திருப்பது என்றேன். இதைப் படிக்கத்தான்பா நான் ரெண்டு வருஷம் காலேஜுக்குக் காசு கட்டினேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டாய். அன்றுதான் நாம் இருவரும் ஒன்றாகச் சிரித்தோம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

நீ கிளம்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நாலு அறையையும் ஒரே நேரத்தில் முடிக்காதீங்க, ஒன்றை முடித்துப் பழத்துக்குப் பதில் தண்ணீர் டிரம் ஏற்றிப் பத்து நாள் ஓட்டிப் பாருங்க என்று எழுதி வைத்துப் போனாய். ஓட்டினோம். சந்தை முழுக்கச் சிரித்தது. முதலாளி தண்ணிய பழுக்க வைக்கிறாரு, கிலோ என்ன விலைன்னு கேளு என்று எதிர்க்கடைக்காரர் லாரி டிரைவர்களிடம் சொல்லி அனுப்பினார். வெட்கத்தில் நான் பின்வாசல் வழியாகப் போய் வந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஒழுங்காக எடுத்துக்கொண்டது. எல்லாம் சரி என்று நினைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் அறை நாலு டிகிரியில் இருக்கிறது. மின்சாரம் போய் வந்ததும் மெஷின் நாம் வைத்த பதின்மூன்றை மறந்து, கம்பெனியில் வைத்து அனுப்பிய அளவுக்குப் போய்விட்டது. பன்னிரண்டுக்குக் கீழே போனாலே காய்க்குத் தோல் கறுக்கும். நாலு டிகிரி என்றால் ஒரு லாரிச் சரக்கையும் குப்பையில்தான் கொட்டியிருப்போம். தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்மெஷின்காரர் டிரம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டு உன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை, பெற்றவன் என்கிற கௌரவம். மனதுக்குள் செய்துகொண்டேன்.

எதிர்க்கடைக்காரர் இப்போது நீ சுவரில் ஒட்டிய தாளைப் பார்க்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அதுவே எனக்குப் புதிது.

இனி எழுதுவதுதான் கடினம்.

தாளில் உன் பெயரும் அண்ணன் பெயரும் சந்திக்கிற கட்டம் காலியாக இருக்கிறது. சரக்கு ஏற்றி இறக்குவது முழுக்க அவன் பொறுப்பு, திட்டம் உன் பொறுப்பு. அந்தக் கட்டம்தான் நிறைந்திருக்க வேண்டும். மூன்று வாரமும் நீ கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டாய், அவன் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னான். நான் மாடிக்கும் கீழுக்குமாகச் சேதி சுமந்தேன். கிளம்பும் அன்று அவன் உன் பெட்டியைக் காரில் வைத்தான், நீ தேங்க்ஸ் என்றாய். அண்ணனிடம் யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா?

நாலு வருடத்துக்கு முன்னால் நீ படிப்பு முடித்து வந்து, நானும் கடையைப் பார்க்கிறேன்பா என்றாய். தங்கச்சி வந்து அதிகாரம் பண்ணவான்னு அண்ணன் கேக்குறான், இப்போ வேண்டாம் என்று நான் சொன்னேன். அவனிடம், அவளுக்குக் கடை வேண்டாமாம், அழுகின பழ நாத்தம் ஆகாதாம் என்றேன். அவன் அப்படிக் கேட்கவே இல்லை. நீயும் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டும் நான் சொன்னது.

அவன் உழைப்பும் உன் மூளையும் சேர்ந்துவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை என்று பயந்தேன். நாலு பேரைத் தனித்தனியாக வைத்து வியாபாரம் செய்தவன், இரண்டு பிள்ளைகளையும் அப்படியே வைத்தேன். நான் அப்படிச் சொன்ன மூன்றே வாரத்தில் நீ தூரத்து வேலைக்குப் போய்விட்டாய். நானே உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அந்தப் பொய் சொன்னவனுக்காக நீ மூன்று வார விடுப்பை எடுத்துக்கொண்டு வந்தாய். அண்ணன் வேண்டாம் என்று சொன்னதாக நம்பிக்கொண்டே அவன் இருக்கிற கடை நல்லபடி நிற்க உழைத்தாய். அதற்குத்தான் இந்த நன்றி. குளிர் அறைக்குச் சொன்னதெல்லாம் முன்னுரை என்று வைத்துக்கொள்.

இதைப் பில் புத்தகக் கார்பன் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அடிப்பிரதியைக் கீழே அண்ணன் மேசையில் வைக்கப் போகிறேன். அவன் படித்த பிறகுதான் உனக்குத் தபாலில் போடுவேன்.

சனிக்கிழமை.

படித்துவிட்டான். நாலு வருஷமாப்பா என்று கேட்டான், அவ்வளவுதான். இரண்டு லாரி இறக்கி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. சாப்பிடவும் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் அந்த அடிப்பிரதியோடு மாடிக்கு வந்து, அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினான். அவ கடை வேலைக்குப் பயந்து ஓடிட்டான்னு சொல்லித்தானேப்பா நான் பெருமை அடிச்சுக்கிட்டிருந்தேன் என்றான். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

இது உன் கைக்கு வந்த பிறகு, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மாலை அவனே உனக்குப் போன் செய்வான். எடு, மகளே. திட்டுவதானால் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அதை இரண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்கள். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. குளிரில் காது மூடிக்கொண்டு போ. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளாதே.

அவனும் நானும் பேசி முடித்தது இது, உனக்குச் சம்மதமானால் பத்திரம் எழுதலாம். குளிர் அறைகளில் மூன்று பங்கு, மூன்றும் சமம். இரண்டாம், மூன்றாம், நாலாம் அறைகளின் முடிவு உங்கள் இருவருடையது; உங்கள் கையெழுத்து இரண்டும் இல்லாமல் என் கையெழுத்து செல்லாது. உங்கள் நடுவே இனி ஒரு சேதியும் நான் கொண்டுபோவதில்லை. நீ இங்கே வந்து இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதை உன் அண்ணன் அடித்துவிட்டான்.

இப்படிக்கு,
அப்பா