இன்று சுவரைத் துடைக்காதீர்கள்

அத்தை,

வீட்டுக்காரர் பதினோரு மணிக்கு வருகிறார். பாப்பா அறைச் சுவரில் இருக்கும் பூஞ்சையை இன்று தயவுசெய்து துடைக்க வேண்டாம். போன தடவை அவர் வருவதற்குள் நீங்கள் தேய்த்துக் கழுவி, பீரோவையும் நகர்த்தி மறைத்துவிட்டீர்கள். அவர் எட்டிப் பார்த்து, "சுவர் பளபளன்னு இருக்கே தம்பி, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாப்பாவின் இருமல் மட்டும் போகவில்லை.

பீரோவை இழுத்து அறை நடுவில் போட்டிருக்கிறேன். அங்கேயே இருக்கட்டும்.

நேற்று நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. "எம் பொண்ணு போனதும் வீடு இப்படி ஆயிடுச்சுன்னு நாலு பேரு சொல்வாங்க" என்றீர்கள். அவள் உயிரோடு இருந்தபோதும் சுவருக்குள் குழாய் கசிந்துகொண்டுதான் இருந்தது. அவளும் இந்த மனிதரோடு போனில் சண்டை போட்டவள்தான். சுவரை உடைத்துக் குழாயை மாற்றும்வரை நான் விடப் போவதில்லை.

பாப்பா கூடத்தில் தூங்குகிறாள். சாதம் குக்கரில். மருந்து சாப்பாட்டுக்குப் பிறகு.

பி.கு. வந்தவருக்குக் காபி கொடுக்காமல் உங்களால் இருக்க முடியாது. கொடுங்கள். ஆனால் நாற்காலியை அந்தச் சுவரை ஒட்டிப் போடுங்கள். ஜன்னலைத் திறக்காதீர்கள். ஆற அமரக் குடிக்கட்டும்.