பெயர் பொறிக்காத துவக்குப் பூட்டு

இஞ்சரப்பா,

இன்று காலை உங்கள் மேசை லாச்சியை இழுத்துத் துப்பரவாக்கும்போது, பழைய சாரத் துண்டில் சுற்றியிருந்த அந்தத் துவக்குப் பூட்டு கையில் பட்டது. கதவுப் பூட்டென்றால் எனக்கு ஏன் நெஞ்சு பதறப்போகிறது? துப்பாக்கி விசையை இழுத்ததும் குதிரை என்கிற சுத்தியல் பாய்ந்து, அது கவ்வியிருக்கும் தீக்கல்லை இரும்பில் உரசிப் பொறி பறக்கவைக்கிற பூட்டு அது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையிலிருந்து இரும்பு வாசம் போகவில்லை.

ஊரில் சமாதானம் வந்துவிட்டதென்று சனமெல்லாம் ஊர் பார்க்க விமானச்சீட்டு எடுத்த காலத்தில் நீங்கள் துவக்கு வாங்கினீர்கள். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசனுக்கு இது தேவையா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! பழைய காலப் படைவேஷம் போடும் சங்கமொன்றில் எங்கள் மகள் மேளம் அடிக்கப் போனாள். அவளைக் கூட்டிப்போன நீங்களும் ஒருநாள் மூன்றுமுனைத் தொப்பியோடு வந்து நின்றீர்கள். வெறும் வெடிமருந்துதான், குண்டு கிடையாது என்று என்னைத் தேற்றினீர்கள்.

பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்த துவக்கு அது. பூட்டிலே செய்தவன் பெயருமில்லை, ஊருமில்லை. அது யாருடைய வேலை, எப்படிப்பட்ட இரும்பு என்று அறியாமல் மருந்து போட விடமாட்டேன் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். கனடாவில் எங்கள் மொன்ட்ரியால்-நோர் வீட்டுக் குசினி மேசையில் அதைக் கழற்றிப் பரப்பினீர்கள். நான் புட்டவிக்க இடமில்லை.

"திருகாணியில மில்லிமீட்டர்ப் புரி. இத்தாலிக்காரன்ர வேலை போலக் கிடக்கு" என்றீர்கள். பொறி பறக்கும் இரும்பில் அரத்தை வைத்தீர்கள், வழுக்கியது. "நல்லாப் பதம் போட்டிருக்கிறாங்கள்." அப்படியொரு சந்தோஷம் உங்களுக்கு.

விசை இறுக்கமென்று உள்ளே இருக்கும் கொக்கியின் நுனியை மினுக்கத் தொடங்கினீர்கள். குதிரையைப் பாதி இழுத்தால் கொக்கி ஒரு வெட்டில் விழுந்து 'டிக்' என்னும். அந்த நிலையில் விசையை இழுத்தாலும் குதிரை விழக்கூடாது, மருந்து போடுவது அப்போதுதான் என்று விளக்கினீர்கள்.

"விழுந்தால்?"

"வலப்பக்கத்துத் துளையால நெருப்புப் பீறும்."

"வலப்பக்கம் ஆர் நிப்பினம்?"

"பிள்ளைதான்" என்றீர்கள்.

"அப்ப வேண்டாம்."

"நீர் சும்மா இரும். எத்தினை தரம் இழுத்துப் பாத்திட்டன், விழேல்லை."

மெஷின் எண்ணெய் முடிந்திருந்தது. ஊரில் தையல் மெஷினுக்கு விடுகிறதுதானே என்று, தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயை விட்டீர்கள். குசினிச் சூட்டில் பூட்டு அருமையாக வேலை செய்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சங்கத்தின் விழா நடந்த அந்த ஒக்டோபர் காலை ஆற்றங்கரையில் என்ன குளிர்! காரால் இறங்கிய கையோடு தலைவர் சோதித்தார், பூட்டு நின்றது. பிறகு ஆளுக்காள் பேசிப்பேசி உங்களை விறைக்க வைத்தார்கள். உங்கள் வலப்பக்கத்தில் மேளத்தோடு பிள்ளை. அவளுடைய இடது கன்னத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

கட்டளை வந்தது. எல்லோரும் குதிரையைப் பாதி இழுத்து, மருந்துப் பொட்டலத்தைக் கடித்துப் பிய்த்தார்கள். நீங்கள் மட்டும் இழுத்துவிட்டுக் காதைச் சாய்த்தீர்கள். மறுபடி இழுத்தீர்கள். பிறகு அத்தனை சனத்துக்கு முன்னால் வரிசையை விட்டுப் பின்வாங்கி, துவக்கின் வாயை நிலத்துக்குப் பிடித்தபடி கையை உயர்த்தினீர்கள். தலைவர் கத்தினார். யாரோ சிரித்தார்கள். மற்றவர்களின் வெடி முழங்கியபோது நான் புல்லில் குந்திவிட்டேன்.

காருக்குள் பூட்டைக் கழற்றிக் காட்டினீர்கள். எண்ணெய் வெள்ளையாக உறைந்து, கொக்கியை வெட்டில் விழவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்த 'டிக்' சத்தம் கேக்கேல்லையப்பா" என்றீர்கள். "பிள்ளைக்குச் சொல்லாதையும்."

அதற்குப் பிறகு நீங்கள் துவக்கைத் தொடவேயில்லை. அவள் பயந்துவிட்டீர்களென்று உங்களைப் பகிடி பண்ணினாள். நீங்களும் ஓம் ஓம் என்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்கள் கண்ணை மூடினபிறகும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. சற்றுமுன் அவள் வேலைக்கு வெளிக்கிடும்போது வாசலில் மறித்து இடது கன்னத்தில் கொஞ்சினேன். "என்னம்மா, பஸ் போயிடும்!" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

ஒரு தழும்பில்லை அப்பா, அந்தக் கன்னத்தில்.