பதினாறுல வெச்சிருக்கேன்

அன்பு மகளுக்கு, எங்க வீட்டு டிரைவரம்மாவுக்கு, அப்பா எழுதுறது.

இங்க நான் சொகம், உங்கம்மா சொகம், நீ வாங்கி அனுப்பி சுவத்துல ஏறி உக்காந்திருக்கானே அந்த மூணாவது ஆளு, அவனும் சொகம். நீ சொகமான்னுதான் தெரியலை. மத்தவங்க கடுதாசியில அதைச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேப்பாங்க, இதுல அந்த ஒண்ணைக் கேக்கத்தான் மிச்சத்தை எல்லாம் எழுதுறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரரோட மச்சான் நாளைக்கு உங்க ஊருக்குக் கிளம்புறார், அவர் கையில குடுத்து விடுறேன். போன் இருக்கறப்ப எதுக்கு இந்தக் காலத்துல கடுதாசின்னு சிரிப்பே. சிரிச்சுக்கோ, அதுக்குத்தான் எழுதுறேன். உன் போன் ரெண்டு மூணு நாள் அடிச்சு அடிச்சு ஓஞ்சுது, அப்புறம் அணைச்சு வெச்சிருக்குன்னு ஒரு பொம்பளை சொல்ல ஆரம்பிச்சா, இன்னி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கா. தெனம் பேசிப் பேசி பழக்கமாயிடுச்சு, நேத்து சாப்பிட்டியாம்மான்னு அவளைக் கேட்டுட்டேன். உங்கம்மா ஒரு மொறை மொறைச்சா பாரு, அந்தப் பார்வையிலயே வீடு குளுந்துடும், ஏசி மெஷினே வேண்டியதில்லை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மெஷினை நான் கெடுக்கலை. நீ அப்படித்தான் நினைப்பே, காலமெல்லாம் பஸ்ஸைத் தட்டித் தட்டியே பொழைச்ச கண்டக்டர் கையில எதைக் குடுத்தாலும் ஒரு தட்டுத் தட்டித்தான் பாப்பான்னு. தட்டலை. நீ போன்ல சொல்லிக்குடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறேன், தப்பிருந்தா திட்டு. சன்னல் கதவை எல்லாம் சாத்தணும். சுவத்துல இருக்கற பெரிய சுவிட்சைத் தூக்கிவிடணும், ஈரக் கையால தொடக் கூடாது. ரிமோட்டை மெஷினோட மூஞ்சிக்கு நேரா நீட்டி அமுக்கணும், அது ணிங்குன்னு ஒரு சத்தம் குடுத்தாத்தான் நாம சொன்னது அதுக்குக் கேட்டுச்சுன்னு அர்த்தம். உடனே குளிராது, உள்ள இருக்கறது சும்மா காத்து ஊதும், வெளிய பால்கனியில இருக்கற பெட்டி ஒரு மூணு நிமிசம் யோசிச்சுட்டுத்தான் எந்திரிக்கும், அதுவரைக்கும் நோண்டக் கூடாது. அணைச்ச கையோட மறுபடி போடக் கூடாது. வாய்ல ஆடுற அந்தத் தகடு மேல பாத்து இருக்கணும், உங்கம்மா தலைக்கு நேரா ஊதக் கூடாது. ரெண்டு வாரத்துக்கொருக்கா மூடியைத் தெறந்து தூசி வலையை எடுத்துத் தண்ணியில அலசி நெழல்ல காயவெச்சு மாட்டணும். ரிமோட்டுல பனிப்பூ படம் போட்டது குளிருக்கு, விசிறி படம் வெறும் காத்துக்கு, சொட்டுப் படம் ஈரத்தை எடுக்க. சூரியன் படத்தைத் தொடவே கூடாது, அதை மட்டும் நீ சொல்லாமலே நான் கத்துக்கிட்டேன். வெளிய வெயில் கொளுத்துதே, மெஷினுக்கு நிலவரம் சொல்லணும்போலன்னு ஒரு நாள் சூரியனை வெச்சுட்டேன். உங்கம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தா, இதுக்கு அடுப்படியே தேவலைன்னு எந்திரிச்சுப் போயிட்டா. போன வெயில்ல அந்த அடுப்படியில மயங்கி விழுந்தவ அவ, அதுக்காகத்தான் நீ இதையே வாங்கி மாட்ட வெச்சே, அவளையே அங்க தொரத்திட்டேன். அப்புறம் மாட்டின மெக்கானிக் ஒண்ணு சொன்னார், உள்ள தொங்குறது பேருக்குத்தான் ஐயா, வெளிய வெயில்ல நின்னு முனகுதே அதுதான் எல்லா வேலையும் செய்யுதுன்னார். எங்க வீட்லயும் அப்படித்தான், உள்ள ஊதிக்கிட்டு பேர் வாங்குறது நான்னேன். உங்கம்மா அதுக்கும் மொறைச்சா.

இப்ப உனக்குச் சொல்லாத ஒரு கதை சொல்றேன். மொத மொத நீ அங்கேர்ந்தே உன் போன்ல இதை ஓட்டினியே, அன்னிக்கு நான் ஒடனே கண்டுபிடிச்சு சிரிச்சேன்னு உன்கிட்ட சொன்னேன்ல, அத்தனையும் பொய். நீயும் மெக்கானிக்கும் கூட்டு சேந்து, வைஃபை பெட்டியோட அதை இணைச்சு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. கரண்ட் பில்லுக்குப் பயந்து மத்தியானத்துல நான் அதை அணைச்சே வெச்சிருப்பேன்னு உனக்குத் தெரியும், கள்ளி. சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கோம், ரிமோட் பீரோவுக்குள்ள இருக்கு, சுவத்துல ணிங்குன்னு சத்தம், தானா வாயைத் தொறந்துச்சு. உங்கம்மா விளக்கமாத்தைத் தூக்கிட்டு யாருடா உள்ளன்னு மெஷினைக் கேட்டா. ரெண்டு பேரும் செருப்புகூட போடாம படியில இறங்கிட்டோம். தையல்காரர் பெரிய கத்திரிக்கோலோட வந்தார், வாசலைத் தாண்டலை, நீங்க போங்கண்ணே நான் பின்னால நிக்கிறேன்னார். நான் குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்பதான் நீ போன் பண்ணி குளுகுளுன்னு இருக்காப்பான்னு கேட்டே. ரொம்ப நல்லாயிருக்கும்மான்னு படிக்கட்டுல நின்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் மத்தியானமானா உங்க ரத்தப் பரிசோதனைக் கூடத்துல உனக்கு டீ நேரம், எங்களுக்கு ணிங் நேரம்னு ஆயிடுச்சு. உங்கம்மா அதைக் கேட்டதும் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து கட்டில்ல உக்காருவா, பொண்ணு வந்துட்டாம்பா. நான் என்ன பண்ணுவேன், நீ இருபத்தாறு டிகிரியில வெச்சா நான் சத்தம் காட்டாம ரிமோட்டை எடுத்து பதினாறுக்கு இறக்குவேன். நீ அங்கேர்ந்து ஏத்துவே. நான் இறக்குவேன். எனக்கு ஒண்ணும் அவ்வளவு குளிர் வேண்டாம், எலும்புக்குள்ள ஊசி குத்துது, ஆனா நீ ஏத்துறியா இல்லையான்னு பாக்கணும். பஸ்ல நான் விசில் குடுத்து டிரைவர் வண்டியை எடுப்பார், அவர் மூஞ்சியை நான் பாக்கவே மாட்டேன், ஆனா வண்டி நகந்தா அவர் இருக்கார்னு அர்த்தம். அந்த மாதிரி. போன்ல பேசினா நீயும் நானும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்லை, அம்மாகிட்ட குடுங்கப்பாம்பே. இதுல மட்டும் நாம ஒரு அரைமணி நேரம் சண்டை போடுவோம்.

கடைசியா சண்டை போட்ட நாளைத்தான் இப்ப திரும்பத் திரும்ப நினைச்சுப் பாக்கறேன். ஆறேழு தடவை இறக்கிட்டேன் அன்னிக்கு. நீ கோபமா போன் பண்ணினே. அப்பா, நீங்க என்ன சின்னப் பிள்ளையா, எனக்கு உடம்பு முடியலை, வேலைக்குக்கூட போகாம ரூம்ல படுத்துக் கெடக்கேன், ஏத்தி வெச்சா அப்படியே விடுங்களேன்னு சொன்னே. நான் என்ன சொன்னேன், தோத்துப் போயிட்டு காய்ச்சல்னு நடிக்கிறியா டிரைவரம்மான்னேன். நீ போனை வெச்சுட்டே. உங்கம்மா, அவ தொண்டை ஏன் அப்படிக் கம்முதுன்னு கேட்டா, லைன் கோளாறுன்னு சொல்லிட்டு, கடைசியா ஒரு தடவை பதினாறுக்கு இறக்கினேன். நீ ஏத்தலை. நான் ஜெயிச்சுட்டேன்னு கட்டிலைச் சுத்தி ஆடினேன், உங்கம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. சாயங்காலம் பாத்தேன், பதினாறு. மறுநா மத்தியானமும் நாங்களாத்தான் போட்டோம், அதே பதினாறுலதான் எந்திரிச்சுது, உங்கம்மா சால்வையைப் போத்திக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தா, உன் ணிங் வரலை. அதுக்கும் மறுநா நானே இருபத்தாறுக்கு ஏத்திவெச்சேன். இது நடந்து வாரம் ஒண்ணு தாண்டிடுச்சு. ஜெயிச்சு இந்த அளவுக்கு யாரும் பயந்திருக்க மாட்டாங்க.

உன் வேலை எடத்துக்குப் போன் பண்ணினோம், ஒரு ஆளு எடுத்து, லீவுல இருக்காங்க, எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு வெச்சுட்டான். அப்புறம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன், வைஃபை பெட்டிதான் கெட்டுப்போச்சு, பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னு. அப்படி நினைச்சதும் என்ன ஒரு நிம்மதி தெரியுமா, ஒரு பெட்டி கெட்டுப்போகணும்னு நான் வேண்டிக்கிட்டது அதுதான் மொதல் தடவை. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். பெட்டியைப் பாத்தார், விளக்கெல்லாம் நல்லாத்தான் எரியுதுன்னார். மெஷினைத் தெறந்து பாத்தார், சுத்தமா இருக்குன்னார், இருக்காதா, ரெண்டு வாரத்துக்கொருக்கா அலச வேண்டிய வலையை உங்கம்மா இப்ப தெனம் காலையில அலசுறா, கேட்டா தூசியிருந்தா அவளுக்கு எப்படிக் கேக்கும்ங்கிறா. மாட்டின அன்னிக்கு சோதிச்சுப் பாத்த இணைப்பு மெக்கானிக்கோட போன்ல இன்னும் அழியாம இருந்துச்சாம், சரி இதுல போட்டுப் பாக்கறேன் ஐயான்னு வாசலுக்கு வெளிய போய் நின்னு அமுக்கினார். ணிங்குன்னுச்சு. நான் தடுக்கறதுக்குள்ள உங்கம்மா அடுப்படியிலேர்ந்து ஓடி வந்துட்டா, கை முழுக்க மாவு, வந்துட்டாளா வந்துட்டாளான்னு. மெக்கானிக் வாசல்லேர்ந்து எட்டிப் பாத்து, நான்தாம்மான்னார். பாவம், திருட்டுல மாட்டின ஆளு மாதிரி முழிச்சார். உங்கம்மா அவருக்கு டீ போட்டுக் குடுத்தா, ரெண்டு தடவை சர்க்கரை போட்டுட்டா, அவரும் மூச்சுவிடாம குடிச்சுட்டுப் போனார். மெஷின்ல ஒரு கொறையும் இல்லை, பெட்டியில ஒரு கொறையும் இல்லை. அப்ப கொறை எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

மெஷின் தானா ஓடினப்ப செருப்பில்லாம ஓடினவங்க நாங்க. இப்ப அது தானா ஓடலைன்னு ராப்பகலா அதும் கீழயே கெடக்கோம். நாங்க உன் ஊருக்குக் கிளம்பின நேரத்துல அது ணிங்குன்னுட்டா யார் கேக்கறதுன்னு கிளம்பவும் மனசு வரலை. உங்கம்மா மிக்ஸி போடுறதில்லை, அந்தச் சத்தத்துல கேக்காமப் போயிடுமாம், கையாலதான் அரைக்கிறா. நான் குளிக்கறப்ப கதவை லேசா தெறந்து வெச்சுக்கிறேன், அதுக்கு ஒரு திட்டு. எதுத்த வீட்ல குக்கர் விசிலடிச்சா ரெண்டு பேரும் சுவத்தைப் பாக்கறோம். நீ கோபமா இருக்கேன்னு யாராவது வந்து சொன்னா அவங்க வாய்க்கு சர்க்கரை போடுவேன். கோபமா இரு கண்ணு, நல்லா இரு, வருசம் பூரா பேசாதே, அப்பன் மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லு, ஆனா எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருந்துக்கிட்டு அதைச் சொல்லு. தனி ரூம், பக்கத்துல யார் இருக்காங்கன்னுகூட நான் கேட்டு வெச்சுக்கலை. தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இருக்கான்னு கேக்காம நடிக்கிறியான்னு கேட்டேன். தையல்காரர் மச்சான்கிட்ட சொல்லியிருக்கேன், கடுதாசியைக் கதவு இடுக்குல போட்டுட்டு வந்துடாதீங்க, கையிலதான் குடுக்கணும், மூஞ்சியைப் பாத்துக் குடுக்கணும்னு. தட்டித் தெறக்கலைன்னா வீட்டு ஓனரைக் கூப்பிட்டு சாவி வாங்கித் தெறக்கச் சொல்லுங்கன்னும் சொன்னேன், அதை உங்கம்மா மாடிக்குத் துணி காயப்போடப் போனப்பதான் சொன்னேன். இதை நீ இல்லாம வேற யாராவது பிரிச்சுப் படிக்கிற மாதிரி ஆயிருந்தா, வேணாம், அந்த வரியை நான் எழுதலை.

காய்ச்சல் அடிச்சுதுன்னா கஞ்சி குடி. வெறும் வயித்துல மாத்திரை போடாதே. ஆஸ்பத்திரின்னா பயந்துக்கிட்டு படுத்துக் கெடக்காதே, ரத்தத்தை எடுக்கறவளே ரத்தம் குடுக்கப் பயந்தா ஊர் சிரிக்கும். போனைச் சார்ஜ்ல போடு. காசுக்காக யோசிக்காதே, வரச் சொன்னா அடுத்த வண்டியில ரெண்டு பேரும் ஏறிடுவோம், டிக்கெட் கிழிச்சவனுக்கு எந்த வண்டி எங்க நிக்கும்னு தெரியாதா. உங்கம்மா உனக்குப் பிடிச்ச போர்வையைத் தொவைச்சு மடிச்சுக் குடுத்திருக்கா, மச்சான் பையில இருக்கு, வாங்கிக்கோ. நீ நூறு வருசம் இருக்கணும், எங்களைத் திட்டித் திட்டி சலிக்கணும், ஒரு கொறையும் உன்னை அண்டக் கூடாது, எங்க ஆயுசையும் சேத்து நீயே வெச்சுக்கோ.

கடைசியா ஒண்ணு. இன்னிக்கு மத்தியானம் உங்கம்மாவே பீரோவைத் தெறந்து ரிமோட்டை எடுத்து என் கையில குடுத்தா. இருபத்தாறுக்கு ஒரு பொட்டு குறைச்சாலும் என்னைக் கடிச்சுத் துப்பறவ அவ. வெச்சுடுங்க பதினாறுல, அவளுக்குப் பொறுக்காது, எங்கயிருந்தாலும் ஏத்துவான்னா. வெச்சுட்டேன். சன்னல் கதவெல்லாம் சாத்தியாச்சு, பனிப்பூ படத்துலதான் இருக்கு, நீ சொன்ன மாதிரியே. ரிமோட்டுலேர்ந்து பேட்டரியைக் கழட்டித் தையல்காரர்கிட்ட குடுத்துட்டோம், நாங்களே கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. இனி எங்களால ஏத்த முடியாது, நீ ஒருத்திதான் ஏத்தணும். உங்கம்மா ரெண்டு போர்வைக்குள்ள உக்காந்து சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கா, நான் அவ பக்கத்துல உக்காந்துதான் இதை எழுதுறேன். பதில் கடுதாசி வேண்டாம், போன்கூட வேண்டாம், ஒரே ஒரு ணிங்.

எழுத்து கோணல்மாணலா இருக்குன்னா கை நடுங்குது, அதான். பயத்துலன்னு நினைச்சுக்காதே கண்ணு. பதினாறுல இருக்கு. குளிருது.

ரைட் சொல்லிட்டுக் காத்துக்கிட்டிருக்கிற
உன் கண்டக்டர் அப்பா