கழுத்தில் தொங்கிய பூட்ஸ்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம், இலங்கை. ஐப்பசி மாதம்.

மகாகனம் பொருந்திய அக்கா செல்லாயிக்கு, இந்த மலையின் அட்டைகளுக்கெல்லாம் தன் ரத்தத்தால் அன்னதானம் செய்துவரும் தம்பி மாயழகு கும்பிட்டு எழுதுவது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் நின்றதா?

போன வாரம் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஆற்றில் மீன் பிடிக்கப் போனார். கூடை தூக்கியது நான். பாசிப் பாறையில் வழுக்காது என்று, அடியில் ஆணி அடித்த தன் பழைய பூட்ஸை எனக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம்! கங்காணி கண்ணை உருட்டினார்.

"தொரை முன்னால காலுல மாட்டுவியாடா? பேர வெட்டி இன்னிக்குச் சம்பளத்த நிறுத்திப்புடுவேன்!"

"அவருதாங்க குடுத்தாரு."

"குடுத்தா கும்பிட்டு வாங்கி கழுத்துல தொங்கவிடு!"

தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன். வழுக்கி, ஆகாயத்தில் சுற்றி, நமுனுகுல மலையைத் தரிசித்துவிட்டுத்தான் விழுந்தேன். பூட்ஸில் ஒரு கீறல் இல்லை. என் வலது கணுக்கால்தான் நொறுங்கியது. இனி நேராகாது என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார்.

அத்தான் காவேரியில் வலை வீசும்போது தோல் செருப்பு வேண்டாம். பாதத்தில் தேங்காய்நார்க் கயிறு சுற்றிக்கொண்டால் வழுக்காது. எனக்குப் பழைய வேட்டித் துணி கொஞ்சம் அனுப்பு. கணுக்காலுக்குக் கட்டு நானேதான் மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

உன் மகள் பொன்னாத்தாளைக் கல்யாணத்தன்று மணவறைக்குத் தூக்கிப்போகத் தாய்மாமன் நான் வருவேன் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கால் கப்பல்வரை வராது. சித்தப்பா மகன் வேம்பன் தூக்கட்டும். லுணுகலைத் தபாலாபீசுக்குக் கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார். பொன்னாத்தாள் என்ன கனம் இருந்தாள் என்று மட்டும் வேம்பனிடம் கேட்டு எழுது.

தம்பி மாயழகு